தம் மக்கள் வாழ்வை எழுதியவர் – அ. மாதவையா

படிக்கும் முன்

ஓர் ஊரை நேரில் காணாமலேயே அவ்வூர் மக்களின் பேச்சையும் பழக்கத்தையும் நாம் அறிந்துகொள்வதுண்டு. அதற்குத் துணை செய்வன கதைநூல்கள். இலண்டன் மாநகரத்துத் தெருக்களைப் பாராத மாணவர் பலரும், சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கதைகளின் வாயிலாக அத்தெருக்களில் உலவியிருப்பர். ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தியரும் ஐரிஷ் மக்களும் தத்தம் வாழ்வைக் கதைகளாகவும் கவிதைத் தொகுப்புகளாகவும் ஆக்கி உலகெங்கும் அனுப்பினர். அவற்றைக் கற்ற தமிழ் இளைஞர் ஒருவர், நம் வாழ்வும் அவ்வாறே எழுதப்பட வேண்டும் என எண்ணினார். எண்ணியதோடு நில்லாமல் எழுதியும் காட்டினார். அவர் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

அ. மாதவையா 1872ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் பெருங்குளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. தாமிரபரணி பாய்ந்து வளப்படுத்தும் பகுதி அது. தாராவியிலும் அதனைச் சுற்றியும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவை. ஆகவே நம் வகுப்பில் அமர்ந்திருப்போர் சிலருடைய பாட்டன் பாட்டியரின் ஊர், மாதவையாவின் ஊருக்கு அண்டை ஊராகவும் இருக்கலாம்.

அக்காலத்தில் சிறுவர் சிறுமியருக்கு மணம் முடித்துவைக்கும் வழக்கம் இருந்தது. மாதவையாவுக்கும் இளம் வயதிலேயே திருமணம் நடந்தது. சின்னஞ்சிறு பெண்கள் விளையாட்டுப் பருவத்திலேயே மனைவியராவதையும், அவர்களுள் சிலர் கணவனை இழந்து வாழ்நாள் முழுதும் துன்புறுவதையும் அவர் தம் கண்முன் கண்டார். அவ்வாறு கண்டவையே பின்னாளில் அவர் எழுத்துக்கு வித்தாயின.

கல்லூரிக் கல்வி

பள்ளிக் கல்வி முடிந்தபின் மாதவையா சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். வில்லியம் மில்லர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பேரறிஞர் அக்கல்லூரியின் முதல்வராக விளங்கிய காலம் அது. 1892ஆம் ஆண்டு மாதவையா பி.ஏ. பட்டம் பெற்றார்.

அந்நாளில் கல்லூரிக்குச் சென்ற தமிழ் இளைஞர்க்குப் புதிய உலகம் ஒன்று திறந்தது. அதுவே ஆங்கில நாவல். நாவலைத் தமிழில் புதினம் என்கிறோம். அரசரையும் தேவரையும் பாடுவதை விட்டு, நம்மைப் போன்ற மனிதரின் அன்றாட வாழ்வை உரைநடையில் விரித்துரைப்பது அதன் இயல்பு.

அந்த இலக்கியம் வளர்ந்த வரலாறு சுவையானது. அயர்லாந்தில் பிறந்த ஆலிவர் கோல்டுஸ்மித், ஒரு கிராமத்துப் பாதிரியாரின் குடும்பக் கதையை 1766ஆம் ஆண்டு வெளியிட்டார். அயர்லாந்தில் வாழ்ந்த மரியா எட்ஜ்வொர்த் என்னும் பெண்மணி 1800ஆம் ஆண்டு ஒரு சிறு நாவலை வெளியிட்டார். ஐரிஷ் நிலக்கிழார் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து அழிவதே அதன் கதை. அதனைச் சொல்பவனோ அக்குடும்பத்தின் முதிய ஊழியன். அவன் தன் வட்டாரப் பேச்சிலேயே கதை சொல்கிறான். எட்ஜ்வொர்த் தம் ஐரிஷ் மக்களுக்குச் செய்ததைத் தாம் தம் ஸ்காட்லாந்து மக்களுக்குச் செய்ய விரும்பியதாக வால்டர் ஸ்காட் பின்னர் எழுதினார். 1814ஆம் ஆண்டு ஸ்காட்டின் முதல் நாவல் வெளிவந்தது.

இவ்வாறு ஒரு மக்களைப் பற்றிய கதை மற்றொரு மக்களின் கதைக்குத் தூண்டுகோலாயிற்று. கவிதைகளை ஒருங்கே திரட்டும் பணியும் உடன் நிகழ்ந்தது. பால்கிரேவ் என்பவர் சிறந்த ஆங்கிலப் பாடல்களைத் தேர்ந்து 1861ஆம் ஆண்டு ஒரு தொகைநூலாக்கினார். தொகைநூல் தமிழருக்குப் புதிதன்று. எட்டுத்தொகை என்னும் பெயரே நம் முன்னோர் பாடல்களைத் தொகுத்துக் காத்ததற்குச் சான்று. ஆயினும் அத்தொகைகள் நெடுங்காலம் ஏட்டுச்சுவடிகளில் உறங்கின. மாதவையா பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள் கழித்தே, அதாவது 1894ஆம் ஆண்டிலேயே, உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டார். பழந்தமிழர் வாழ்வு அச்சேறத் தொடங்கிய காலமும், தம் காலத்துத் தமிழர் வாழ்வை எழுத மாதவையா முனைந்த காலமும் ஒன்றே.

உப்புத்துறைப் பணி

படிப்பு முடிந்தபின் மாதவையா அரசின் உப்பு, சுங்கத் துறையில் பணியேற்றார். முதலில் அவர் அனுப்பப்பட்ட இடம், இன்று ஒடிசா மாநிலத்தில் உள்ள கஞ்சம் பகுதி. தமிழ் வழங்காத நாடு அது.

உப்பளம் எவ்வாறு இருக்கும் என்பதை வடாலா மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை. மராத்தியர் மிட்டாகர் என வழங்கும் உப்பள நிலங்கள் நம் பகுதியின் கிழக்கே உள்ளன. கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவைத்து உப்பு எடுப்பர். ஆங்கிலேயர் ஆட்சியில் அவ்வுப்புக்கு வரி விதிக்கப்பட்டது. வரி செலுத்தாமல் உப்பு விளைவிப்பதும் விற்பதும் குற்றம். அளங்களையும் கிடங்குகளையும் காப்பதும், மறைவாக நடக்கும் கடத்தலைத் தடுப்பதும் உப்புத்துறை அலுவலரின் கடமைகள். பிற்காலத்தில், 1930ஆம் ஆண்டு, அவ்வரியை எதிர்த்து உப்பு அறப்போர் நடந்தபோது, தொண்டர்கள் திரளாகச் சென்று உப்பெடுத்த இடங்களுள் நம் வடாலாவும் ஒன்று.

மாதவையா ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அத்துறையில் பணிபுரிந்தார். அடிக்கடி இடமாற்றம் நேரும். கடற்கரை ஊர்களில் தங்க நேரும். பேச்சுத் துணைக்குத் தமிழர் இல்லாத இடங்களும் உண்டு. எழுதுவதற்கு ஏற்ற வாழ்க்கை அன்று அது. அவ்வாறு இருந்தும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. தமிழ்நாட்டை விட்டு விலகியிருந்த ஆண்டுகளிலும் அவர் நெஞ்சில் பெருங்குளத்துத் தெருக்களும் தாமிரபரணிக் கரையும் நிலைபெற்றிருந்தன.

தமிழ் நாவல்கள்

மாதவையாவுக்கு முன் தமிழில் நாவல் எழுதியவர் மிகச் சிலரே. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. அதுவே தமிழின் முதல் நாவல். அடுத்து, வத்தலக்குண்டைச் சேர்ந்த பி.ஆர். ராஜம் ஐயர், கமலாம்பாள் சரித்திரத்தை விவேக சிந்தாமணி என்னும் இதழில் தொடராக எழுதினார். ராஜம் ஐயரும் கிறித்தவக் கல்லூரியில் கற்றவர். மாதவையா பிறந்த அதே 1872ஆம் ஆண்டில் பிறந்தவர். 1898ஆம் ஆண்டு இளமையிலேயே மறைந்தவர். மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் வெளிவரத் தொடங்கியதும் அதே 1898ஆம் ஆண்டிலேயே. இம்மூன்றையும் தமிழ் நாவலின் முதற்படிகளாக இலக்கிய வரலாற்று ஆசிரியர்கள் போற்றுவர்.

பத்மாவதி சரித்திரத்தின் தலைவன் நாராயணன் என்னும் இளைஞன். வறுமையில் வளர்ந்த அவன் கல்வியால் உயர்கிறான், பத்மாவதியை மணக்கிறான். பின்னர் ஐயம் என்னும் நஞ்சு அவர்கள் இல்லறத்தைக் கலக்குகிறது. கதை இவ்வளவே. ஆயினும் அதனுள் அக்காலத்துத் திருநெல்வேலிச் சீமை முழுவதும் அடங்கியிருக்கிறது. வீட்டுப் பெண்களின் பேச்சு, சிற்றூர்ப் பூசல்கள், வழக்குமன்றம், சென்னைக்குப் படிக்கச் செல்லும் மாணவர் வாழ்வு ஆகியவற்றை இன்றும் அந்நூலில் காணலாம்.

மாதவையாவின் முதல் முயற்சியோ இதற்கும் முந்தியது. தம் இருபதாம் வயதில், 1892ஆம் ஆண்டு, விவேக சிந்தாமணியில் சாவித்திரி சரித்திரம் என்னும் தொடரைத் தொடங்கினார். குழந்தை மணத்தின் கொடுமையையும் கைம்பெண்களின் துயரையும் அதில் காட்டினார். அத்தொடர் முற்றுப்பெறாமல் இடையில் நின்றது. அவர் மனம் சோரவில்லை. பதினோர் ஆண்டுகள் காத்திருந்து, 1903ஆம் ஆண்டு முத்துமீனாட்சி என்னும் பெயரில் அக்கதையை நூலாக வெளியிட்டார். முத்துமீனாட்சி என்னும் பெண்ணே தன் கதையைத் தான் சொல்வதாக நூல் அமைந்தது. இளமையில் கைம்பெண்ணான அவளுக்கு மறுமணம் நடப்பதாகவும் காட்டினார். பெண்கள் வாய்திறவாதிருந்த வீடுகளில், ஒரு பெண்ணின் குரலை நூல் முழுதும் ஒலிக்கச் செய்தது அக்காலத்துக்குப் பெருந்துணிவு.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தம் மக்களின் வாழ்வை எழுத முன்வந்தவர், அவர்தம் குறைகளை ஏன் எழுதினார்? அயலார் நம்மை இகழ்வதற்கு அது இடம் தராதா? புகழ்மொழிகளை மட்டும் அடுக்கினால் அது வாழ்த்துப்பா ஆகும், வாழ்க்கை ஆகாது. ஐரிஷ் நிலக்கிழாரின் ஊதாரித்தனத்தை எட்ஜ்வொர்த் மறைக்கவில்லை. இலண்டன் ஏழைச் சிறுவரின் பசியை டிக்கன்ஸ் மறைக்கவில்லை. வீட்டில் ஒருவர் நோயுற்றால், நோயை மறைப்பவரைவிட மருத்துவரை அழைப்பவரே அன்புடையவர். மாதவையாவின் கண்டிப்பும் அத்தகைய அன்பே. அதனால்தான் அவர் கதைகளில் சினத்தோடு நகைச்சுவையும் கலந்தே வருகிறது.

ஆங்கில நூல்களும் குட்டிக் கதைகளும்

மாதவையா தமிழில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் எழுதினார். தில்லை கோவிந்தன் என்னும் அவருடைய ஆங்கில நாவல் 1903ஆம் ஆண்டு வெளிவந்தது. தென்னாட்டுச் சிற்றூரில் பிறந்து, ஆங்கிலக் கல்வி பெற்று, பழைமைக்கும் புதுமைக்கும் நடுவே தவிக்கும் இளைஞன் ஒருவனின் தன்வரலாறாக அது அமைந்தது. 1916ஆம் ஆண்டு இலண்டன் பதிப்பகம் ஒன்று அதனை வெளியிட்டது. அதுவரை இங்கிலாந்தின் கதைகள் கப்பலேறிச் சென்னைக்கு வந்துகொண்டிருந்தன. இப்போது தமிழ்நாட்டுச் சிற்றூரின் கதை கப்பலேறி இலண்டனுக்குச் சென்றது.

1915ஆம் ஆண்டு அவர் எழுதிய கிளாரிந்தா என்னும் ஆங்கில நாவல், உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றியது. தஞ்சையிலிருந்து வந்த மராத்திய அந்தணக் கைம்பெண் அவர். லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியின் ஆதரவில் பாளையங்கோட்டையில் வாழ்ந்தார். 1778ஆம் ஆண்டு கிறித்தவ சமயத்தைத் தழுவினார். அவர் கட்டிய தேவாலயம் இன்றும் அவ்வூரில் நிற்கிறது. மராத்தியரும் தமிழரும் ஆங்கிலேயரும் ஓரிடத்தில் கலந்து வாழ்ந்த அக்கதை, மும்பைத் தமிழராகிய நமக்குத் தொலைவானது அன்று.

குசிகர் என்னும் புனைபெயரில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதைகள் இந்து நாளிதழில் வெளிவந்தன. குழந்தை மணம், வரதட்சணை, கைம்மை, சாதி வேற்றுமை ஆகியவற்றைச் சுருங்கிய அளவில் அக்கதைகள் காட்டின. எனினும் எந்த வீடுகளைப் பற்றி எழுதினாரோ, அவ்வீடுகளிலிருந்த பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே மாதவையா தாமே அவற்றைத் தமிழாக்கி, குசிகர் குட்டிக் கதைகள் என்னும் தொகுப்பாக வெளியிட்டார். தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புகளுள் முன்னோடியான நூல்களில் அதுவும் ஒன்று. மேலும், ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தைத் தழுவி உதயலன் என்னும் தமிழ் நாடகத்தையும், புத்தர் வரலாற்றைக் கூறும் சித்தார்த்தன் என்னும் நூலையும் இயற்றினார்.

இதழாசிரியர்

அரசுப் பணியிலிருந்து 1922ஆம் ஆண்டு மாதவையா விலகினார். ஓய்வு பெற்றோர் அமைதியாக இருக்க விரும்புவது இயல்பு. அவரோ சென்னை மயிலாப்பூரில் வீடு அமைத்து, அச்சுக்கூடம் நிறுவி, 1924ஆம் ஆண்டு பஞ்சாமிர்தம் என்னும் தமிழ் மாத இதழைத் தொடங்கினார். கதை, கட்டுரை, கவிதை, நாட்டு நடப்பு எனப் பலவும் அதில் இடம்பெற்றன. கண்ணன் பெருந்தூது என்னும் அவருடைய நகைச்சுவைக் கதையும் அவ்விதழில் வெளிவந்தது. மயிலாப்பூரில் குடியேறியும் அவர் தம் சிற்றூரை மறக்கவில்லை. பெருங்குளம் என்னும் பெயரே அவ்வீட்டுக்கு வழங்கிற்று.

இறுதி நாள்

அந்நாளில் ஆங்கிலத்தைக் கற்காமல் எவரும் பட்டம் பெற இயலாது. தாய்மொழியைக் கற்காமலோ பட்டம் பெறலாம். தமிழ் மாணவர் ஒருவர் ஸ்காட்டையும் கோல்டுஸ்மித்தையும் நன்கு அறிந்திருப்பார். தம் தாய்க்குத் தமிழில் ஒரு மடல் எழுதத் தடுமாறுவார். இந்நிலை மாற வேண்டும் என்பது மாதவையாவின் நெடுநாள் வேட்கை. ஆங்கிலத்தின் மீது அவருக்குப் பகையில்லை. அம்மொழியில் நாவல்கள் எழுதியவர் அல்லரோ அவர்! பிறர் மொழி வேண்டா என்பது அவர் கொள்கையன்று. தன் மொழியும் வேண்டும் என்பதே அவர் கொள்கை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் என்னும் பேரவையில் அவர் உறுப்பினரானார். 1925ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் பேரவை கூடியது. பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என வலியுறுத்தி மாதவையா அங்கே பேசினார். தம் கருத்தை எடுத்துரைத்தபின் அம்மண்டபத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

அவருக்குப் பின்

அவர் மறைந்தபின் பஞ்சாமிர்தம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. அவருடைய மகன் மா. அனந்தநாராயணன் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கியதோடு, ஆங்கில நாவல் ஒன்றையும் எழுதினார். மற்றொரு மகன் மா. கிருஷ்ணன், காட்டு விலங்குகளையும் பறவைகளையும் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் புகழ்பெற்ற இயற்கை ஆய்வாளர். 1970ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

மாதவையா காட்டிய திருநெல்வேலி இன்று பெரிதும் மாறிவிட்டது. குழந்தை மணத்தைச் சட்டம் தடுக்கிறது. பெண்கள் கல்லூரிகளை நிரப்புகின்றனர். மாறாமல் இருப்பது அவர் எழுத்தில் பதிந்த மனிதர்களின் பேச்சு. நூற்றாண்டுக்கு மேலாகியும் அவர்கள் நம்மோடு தமிழில் பேசுகின்றனர். அதனைக் கேட்பதற்கு ஒன்றே தேவை: தமிழை எழுத்துக்கூட்டியாவது படிக்கத் தெரிந்திருத்தல். விருப்பப் பாடமாக நாம் தமிழைத் தேர்ந்திருப்பதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

சொற்பொருள்

சீமை – நாட்டின் ஒரு பகுதி
தொகைநூல் – பலர் பாடல்களைத் தேர்ந்து திரட்டிய நூல்
ஊழியன் – பணியாள்
ஊதாரித்தனம் – அளவின்றிச் செலவு செய்தல்
கைம்மை – கணவனை இழந்த நிலை
வேட்கை – மிகுந்த விருப்பம்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மாதவையா பிறந்த ஊர் இன்று எம்மாவட்டத்தில் உள்ளது?
2. முத்துமீனாட்சி நூலில் கதை சொல்பவர் யார்?
3. வால்டர் ஸ்காட்டுக்குத் தூண்டுகோலாக இருந்தவர் யார்?
4. உப்புத்துறை அலுவலரின் கடமைகள் இரண்டினை எழுதுக.

ஆ. ஐந்து தொடர்களில் விடை தருக.
1. தாம் ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதைகளை மாதவையா ஏன் தமிழாக்கினார்?
2. தம் மக்களின் குறைகளை எழுதுவது அவர்களுக்குச் செய்யும் நன்மையா, தீமையா? பாடத்தைக் கொண்டு உம் கருத்தை நிறுவுக.

இ. காலவரிசைப்படுத்துக.
பஞ்சாமிர்தம் தொடக்கம், பத்மாவதி சரித்திரம் வெளிவரத் தொடங்குதல், கிளாரிந்தா, சாவித்திரி சரித்திரம் தொடங்குதல், முத்துமீனாட்சி.

ஈ. செயல்பாடு
உம் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம், நம் குடும்பத்தில் முதன்முதலில் மும்பைக்கு வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், வந்த அன்று எங்கே தங்கினார் எனக் கேட்டறிக. அவர் சொல்லும் சொற்களை மாற்றாமல், அவர் பேசும் தமிழிலேயே ஒரு பக்க அளவில் எழுதுக. வகுப்பினர் அனைவரும் எழுதியவற்றைத் திரட்டி ஒரு தொகுப்பாகக் கட்டி, அதற்குப் பொருத்தமான பெயர் சூட்டுக.